இரண்டை அழுத்தினால் அவர்

போன வாரக் கதையில், மரக்கிடங்கில் மாமனாரை மல்லாக்கக் கிடத்திவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். அதற்குப் படித்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். மனிதர் பிழைத்துக்கொண்டார். இடுப்பில் ஒரு கன்றிய காயம், நெற்றியில் ஒரு பிளாஸ்திரி, அதோடு சரி.

கெட்ட சேதி, அன்றிலிருந்து மாமியார் அவரோடு பேசுவதில்லை.

அந்த இடத்தைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு நடை நடந்துவிட்டு வருவோம். தெருவைப் பார்த்தபடி வீடு. வீட்டிலேயே ஒரு பக்கம் அலுவலக அறை. அடுத்து மேஜையும் நாற்காலியும் அடுக்கிய விற்பனைக் கூடம். அதற்குப் பின்னால் ரம்பப் பட்டறை, பாலிஷ் அறை. எல்லாம் தாண்டிக் கடைசியில், வாய்க்கால் ஓரமாக, தகரக் கூரை போட்ட மரக்கிடங்கு. வீட்டுக் கொல்லையில் நின்று கத்தினால் பட்டறைவரை கேட்கும். கிடங்குக்குக் கேட்காது. செல்போனோ அந்தத் தகரத்துக்குக் கீழே போனதும் உயிரை விட்டுவிடும். மாமனார் விழுந்து கிடந்தபோதும் அவர் சட்டைப் பையில் செல்போன் இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்? சாப்பாட்டுக்கு ஆளைக் காணோமே என்று தேடிப் போன பிறகுதான் விஷயமே தெரிந்தது.

"கால் வழுக்கிடுச்சு" என்றார் அவர்.

"தனியா போகாதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே" என்றார் மாமியார். அதோடு வாயை மூடிக்கொண்டவர்தான்.

மகன் வெளியூருக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்புமுன் தீர்ப்பே சொல்லிவிட்டான். கிடங்குச் சாவியை அப்பா கொடுத்துவிட வேண்டும். இனிமேல் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்கட்டும். மாமனார் சாவிக்கொத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு அதன்மேலேயே கையையும் வைத்துக்கொண்டார். அந்தக் கையை விலக்கிச் சாவியை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த மருமகள்தான் குறுக்கே விழுந்தாள். பெரிய தோட்டங்களிலும் பெரிய கிடங்குகளிலும் வைக்கிறார்களே, ரொம்ப தூரம் எடுக்கும் கார்ட்லெஸ் போன், அதை ஒன்று வாங்கி மாட்டலாம் என்றாள். "ஒரு நாள் பார்ப்போம். கூப்பிட்டப்பல்லாம் மாமா எடுத்தார்னா சாவி அவர்கிட்டயே இருக்கட்டும். ஒரே ஒரு தடவை எடுக்காம விட்டாலும் நானே வாங்கி உங்க கைல கொடுத்துடறேன்."

"நான் திரும்பி வந்து கேப்பேன்" என்று சொல்லிவிட்டு மகன் லாரி ஏறினான்.

அந்த ஒரு நாள்தான் இன்று. சாயங்காலம் லாரி வந்துவிடும்.

* * *

காலையில் மொட்டைமாடியில் மூன்று பேர் நின்றார்கள். போன் மாட்ட வந்தவர், மாமனார், மருமகள். நடுவில் ஏரியல் பொருத்திய நீளக் குழாய் ஒன்று படுத்திருந்தது.

"தண்ணித் தொட்டியோட சேத்துக் கட்டிடலாம். அங்கதான் நல்ல உயரம்" என்றார் போன்காரர்.

"அதைத்தான் நானும் சொன்னேன்" என்றார் மாமனார். அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

மருமகள் கையேட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். அந்த வீட்டுக்கு எந்தச் சாமான் வந்தாலும் சரி, கொசு மருந்தே ஆனாலும் சரி, கூட வரும் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிற ஒரே ஜீவன் அவள்தான். மாமனார் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தார். அவளுக்கும் அது உள்ளுக்குள் பிடித்திருந்தது.

"தொட்டிக்குப் பக்கத்துல கரண்ட் கம்பி போகுதே மாமா."

"அது எங்கயோ போகுது, இது இங்க இருக்கு."

"காத்துல குழாய் சாஞ்சா?"

"நான் கட்டினா சாயாதும்மா" என்றார் போன்காரர். கொஞ்சம் ரோஷத்தோடுதான் சொன்னார்.

அவள் வாதாடவில்லை. குழாயின் நீளத்துக்கு ஒரு சணல் கயிற்றை அளந்து வெட்டினாள். தொட்டியடியில் ஒரு முனையை வைத்து, தெருப் பக்கமாகத் தரையோடு விரித்துக்கொண்டே போனாள். கைப்பிடிச் சுவர் வந்தது. கயிறு இன்னும் மிச்சம் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல, கரண்ட் கம்பி.

மூன்று பேரும் கயிற்றைப் பார்த்தார்கள், பிறகு கம்பியைப் பார்த்தார்கள்.

"மாடிப்படிக் கூரைக்கு அந்தாண்ட வச்சிடலாம்" என்றார் போன்காரர். "எந்தப் பக்கம் சாஞ்சாலும் மாடியிலயே விழும்." இடி மின்னலுக்காகக் குழாயிலிருந்து தரைக்குள் எர்த் கம்பி இறக்குவதை யாரும் கேட்காமலே அவர் செய்தார். செய்கிறபோது ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்தும் பார்த்தார். கயிறு அவரையும் கொஞ்சம் கலக்கிவிட்டிருந்தது.

மாமனாருக்கு மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. குழாயைத் தாங்க அவர்கள் வைத்த இரும்புப் பட்டை அவர் கண்ணை உறுத்தியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு இறங்கிப் போய், வைரம் பாய்ந்த கட்டையில் ஒரு தாங்கி இழைத்து எடுத்து வந்தார். பொருத்திப் பார்த்தால் குழாய்க்கென்றே பிறந்தது போல் உட்கார்ந்தது. இப்படிப்பட்ட கையை வீட்டில் உட்கார வைத்துப் பேப்பர் படிக்கச் சொல்கிறார்களே என்று நினைத்தபடி மருமகள் அந்தத் தாங்கியை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

* * *

கீழே வீட்டுக் கூடத்தில், ஜன்னலோர அலமாரித் தட்டில் போனின் பேஸ் பெட்டி உட்கார்ந்தது. மாடியிலிருந்து வந்த தடித்த ஏரியல் ஒயரை அதன் முதுகில் திருகினார்கள். முந்தின ராத்திரியிலிருந்து சார்ஜில் கிடந்த கைப்போன்கள் மூன்று. ஒன்றாம் எண் அலுவலகத்துக்கு, இரண்டாம் எண் கிடங்குக்கு, மூன்றாம் எண் அடுப்படிக்கு.

"அவர்கிட்ட சொல்லும்மா, காப்பி ஆறுது" என்றார் மாமியார். அந்த 'அவர்' அதே சோபாவின் மறுகோடியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குக் காது கேக்குதுன்னு உங்க அத்தைகிட்ட சொல்லு."

"ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் என் பக்கம் திரும்புங்க" என்றாள் மருமகள். "மாமா, இந்தக் குட்டை ஏரியல் மூஞ்சில படக் கூடாது. கொஞ்சம் தள்ளிப் புடிச்சுப் பேசுங்க. மாத்து பேட்டரியைச் சாவிக்கொத்து இருக்கிற பையில போடாதீங்க, இரும்பு பட்டா சூடேறும். பாலிஷ் ரூமுக்குள்ள இதைக் கொண்டுபோகவே கூடாது. தின்னர் வாடை இருக்கிற இடத்துல ஒரு பொறி போதும்."

"நான் பாலிஷ் ரூமுல இருக்கிறப்போ நீ கூப்பிட்டா?"

"வெளிய ஆணில மாட்டிட்டு, உள்ள போறேன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

"ஒண்ணாம் கிளாஸ்ல ஒண்ணுக்குப் போகக் கேட்ட மாதிரி" என்று முனகினார் மாமனார். மாமியார் உதட்டோரத்தில் ஏதோ வந்தது. வந்த வேகத்தில் அதை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அப்புறம், மூணு போனும் இந்தப் பெட்டி வழியாத்தான் பேசும். கரண்ட் போச்சுன்னா பெட்டி செத்துடும். அதனால பழைய ஒயர் போன் அந்த மூலையிலயே இருக்கட்டும். ஆபத்து அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்னா..."

ஆம்புலன்ஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

மருமகள் மூன்றாம் எண்ணை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். "அத்தை, இது உங்களுது. ரெண்டை அழுத்தினா மாமா."

"எனக்கு எதுக்கு? நான் யாரையும் கூப்பிடறதா இல்ல." சொன்னாரே தவிர, வாங்கித் துண்டால் துடைத்து, உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்.

* * *

காலை முழுக்க ஒரு குறையும் இல்லை. மருமகள் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டாள், மணி முழுசாக அடிக்குமுன் மாமனார் எடுத்தார். "சொல்லுங்க இன்ஸ்பெக்டரம்மா!" கிடங்கின் கடைக்கோடியில், அடுக்கிய பலகைகளுக்கு நடுவே நிற்கும்போதுகூட, பக்கத்து அறையில் இருப்பதுபோல் குரல் வந்தது. பாலிஷ் அறைக்குள் போகுமுன் சொல்லிவிட்டுப் போனார், வெளியே வந்ததும் "வந்தாச்சு" என்றார். மருமகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மறுபடி கூப்பிட்டபோது பேச்சு முடிந்தும் அவர் வைக்கவில்லை.

"ஏம்மா, உங்க அத்தை என்ன பண்றாங்க?"

"அடுப்படியில இருக்காங்க மாமா."

"மூணாம் நம்பர் வேலை செய்யுதா?"

"நல்லாச் செய்யுதே."

"சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மருமகள் நேரே அடுப்படிக்குப் போனாள். "அத்தை, நீங்க ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்களேன்."

"ஏன், அவருக்கு மூணை அழுத்தத் தெரியாதா?"

இரண்டு பேரும் வீம்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. இதற்குமேல் நுழைந்தால் தன் தலைதான் உருளும் என்று மருமகள் பின்வாங்கினாள்.

மத்தியானம் மாமனார் வந்து சாப்பிட்டுவிட்டு, போனைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கிடங்குக்குத் திரும்பினார். அவர் போன கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். உட்கார்ந்து பார்த்தார்கள், கவிழ்த்துப் பார்த்தார்கள், ஆட்டிப் பார்த்தார்கள். விற்பனைக் கூடத்தை விட்டு மருமகளால் நகரவே முடியவில்லை. அவர்களை வழியனுப்பிவிட்டு அலுவலகத்துக்கு ஓடி வந்து இரண்டை அழுத்தினாள்.

மணியே போகவில்லை. டொய்ங் டொய்ங் என்று ஒரு சத்தம் வந்து அறுந்தது.

மறுபடி அழுத்தினாள். அதே டொய்ங்.

கீழே போட்டு உடைத்துவிட்டாரா? இல்லை, போனோடு சேர்ந்து அவரும்...

"மாமா எடுக்கல" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்தது. முட்டி வலிக்கிறது என்று மொட்டைமாடிக்கே ஏறாத மாமியார் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். காலில் செருப்பு இல்லை. ரம்பப் பட்டறையைத் தாண்டி, மரச் சிராய்கள் சிதறிக் கிடந்த வழியில், நடுவில் ஒரு தடவை தடுக்கி, கையை ஊன்றி எழுந்து, மறுபடி ஓடினார். மருமகளால் அவரைப் பிடிக்க முடியவில்லை.

கிடங்குக் கதவு திறந்திருந்தது. உள்ளே, ஒரு முக்காலியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். எதிரே கவிழ்த்துப் போட்ட பெட்டி. பெட்டிமேல் மடித்த துண்டு. துண்டின்மேல் போன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க!"

அவர் பதறிப்போய் எழுந்தார். "என்ன? யாருக்கு என்ன ஆச்சு?"

"உங்களுக்கு என்னாச்சோன்னு ஓடி வர்றேன், என்னைக் கேக்கறீங்களா? எடுக்க மாட்டீங்களா நீங்க? கல்லா உங்க நெஞ்சு? ஒரு மனுஷி உயிரைக் கைல புடிச்சுக்கிட்டு..." அவர் தோளில் இரண்டு அடி வைத்தார். அடித்த கையாலேயே அந்தத் தோளைத் தடவினார்.

"அடிச்சாத்தானே எடுக்கறதுக்கு?" என்று மாமியாரைப் பார்த்துக் கேட்டார் மாமனார். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "சாப்பிட்டு வந்ததுலேர்ந்து இதுக்கு முன்னாடிதான் உக்காந்திருக்கேன். காலையில விழுந்து விழுந்து கூப்பிட்டீங்க, இப்ப ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லன்னு நினைச்சேன். நடுவுல ஒரு தடவை கீச்சுன்னுச்சு. சரி, நீதான் கூப்பிடறே போலன்னு எடுத்தேன். யாரும் இல்ல."

பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த மருமகள் போனை எடுத்துப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடி இல்லாமல் மாமனாருக்குத் தெரியாத சின்ன எழுத்தில், பேஸ் பெட்டி எட்டவில்லை என்று காட்டிக்கொண்டிருந்தது.

* * *

குழாய் சாய்ந்துவிட்டதா என்று வழியிலேயே அண்ணாந்து பார்த்தாள். மாமனாரின் தாங்கியில் அது நிமிர்ந்துதான் நின்றது. கூடத்துக்குள் வந்தால், ஜன்னலோரத் தட்டில் பெட்டி இருந்த இடத்தில் ஒரு பூ ஜாடி இருந்தது. ஏரியல் ஒயர் சுவரோரம் அநாதையாகத் தொங்கியது.

"அத்தை, பெட்டி எங்க?"

"பத்திரமா இருக்கு."

"பத்திரமான்னா எங்க?"

மாமியார் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, அதே சுவரோரம் நின்ற இரும்பு பீரோவைத் திறந்தார். வீட்டுப் பத்திரங்களுக்கும் விருந்தாளிக்கென்று வைத்த போர்வைகளுக்கும் நடுவே, புதுத் துண்டு ஒன்றில் பச்சைக் குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றி வைத்திருந்தது. துண்டுக்குள்ளிருந்து ஒரு பச்சை விளக்கு பாவமாகச் சிமிட்டியது.

"ரம்பத்தூள் பறந்து வருது. ஜன்னல் ஓரம் வேற. எவனாவது கையை விட்டு எடுத்துட்டுப் போனா?" என்றார் மாமியார். "கரண்ட் ஒயரை நான் தொடவே இல்ல, பாரு, கதவு இடுக்குல விட்டிருக்கேன், லைட்டு எரியுது. அந்தத் தடி ஒயர்தான் கதவைச் சாத்த விடல. அதை மட்டும் திருகி எடுத்துட்டேன்."

"அத்தை, அந்தத் தடி ஒயர்தான் அதுக்குக் காது!"

முதலில் சிரித்தது மாமனார்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவ பீரோவுக்குள்ள போன எதுவும் வெளிய வந்ததா சரித்திரமே கிடையாது."

"உங்களையும் அதுல வச்சுப் பூட்டியிருக்கணும்" என்றார் மாமியார்.

இந்தத் தடவை பதற்றம் இல்லாமல், நேராக அவர் முகத்தைப் பார்த்து, நடுவில் ஆள் வைக்காமல் சொன்னார். மாமனார் சிரிப்பை நிறுத்திவிட்டு, பரிசு வாங்கினவர் மாதிரி நின்றார்.

மருமகள் துண்டைப் பிரித்தாள். பெட்டி சூடாகியிருந்தது. இதை மூடக் கூடாது, காற்று வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் தோரணையில் ஒரு பிரசங்கம் செய்துவிட்டு, ஒயரைத் திருகிப் பழைய இடத்திலேயே வைத்தாள். மாமியார் அசடு வழிந்துகொண்டு பூ ஜாடியை எடுத்துக்கொண்டார்.

"அப்ப என் கணக்கு?" என்றார் மாமனார். "அவன் வந்து கேப்பானே."

"அடிச்ச மணிக்கெல்லாம் எடுத்துட்டீங்க மாமா. அதுல ஒரு சந்தேகமும் இல்ல."

அவர் சாவிக்கொத்தைக் கைக்குள் வைத்து அழுத்திக்கொண்டார். "கிடங்கைப் பூட்டிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். போகிற வேகம் கொஞ்சம் குறைவாக இருந்ததுபோல் மருமகளுக்குப் பட்டது.

* * *

அடுப்படியில் மாமியார் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தார். உப்பு ஜாடிப் பக்கம் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். மருமகள் கழுவின டம்ளரையே மறுபடி கழுவத் தொடங்கினாள்.

மாமியார் இரண்டை அழுத்தினார்.

காலையில் சொன்ன பாடம் அவருக்கு அப்படியே நினைவிருந்தது. ஏரியல் முகத்தில் படாமல் போனை நன்றாகத் தள்ளிப் பிடித்தார். அதனால் அந்தப் பக்கத்துக் குரல் அடுப்படி முழுக்கக் கேட்டது.

"சொல்லுங்க இன்ஸ்பெக்..."

"நான்தான்."

"நீயா?"

"வேற யாரு? பூட்டியாச்சா?"

"பூட்டறேன்."

"வெளிச்சம் இருக்கறப்பவே வந்து சேருங்க."

"ம்." அவர் வைக்கவில்லை. இவரும் வைக்கவில்லை.

"இன்னும் என்ன?"

"ஒண்ணு சொல்லணும். நேர்ல வந்தா உன் முகத்தைப் பாத்ததும் வாய் வராது. இங்கிருந்தே சொல்லிடறேன். அன்னிக்கு எனக்குக் கால் வழுக்கல."

மருமகள் குழாயை மூடினாள்.

"சும்மாதான் நின்னுக்கிட்டிருந்தேன். கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு. அப்புறம் ஒண்ணும் தெரியல. நேத்துகூட லேசா வந்துச்சு. சொன்னா சாவியை வாங்கிடுவான்னு மறைச்சுட்டேன். இந்தக் கிடங்கு இல்லன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லு? ஆனா நீ இன்னிக்கு வெறுங்காலோட ஓடி வந்தே பாரு. உன்கிட்ட இனிமே மறைக்க முடியல."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. மருமகள் எட்டி அணைத்தாள். மாமியார் அதைக் கவனிக்கவே இல்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குரலை நடுங்க விடவில்லை.

"அந்த முக்காலியிலயே உக்காருங்க. நடக்க வேண்டாம். நான் வர்றேன்."

"சரி, வச்சிடறேன்."

"வைக்காதீங்க! நான் வந்து சேர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருங்க."

"என்ன பேசறது?"

"எதையாவது பேசுங்க. இத்தனை நாள் பேசாததுக்கும் சேத்துப் பேசுங்க."

இந்தத் தடவை செருப்பை மாட்டிக்கொண்டு, போனை முகத்தைவிட்டுத் தள்ளியே பிடித்தபடி, மாமியார் கொல்லைக் கதவைத் தாண்டினார்.

வாசலில் லாரி ஹாரன் அடித்தது. மகன் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். அம்மாவைக் காணோம், அப்பாவைக் காணோம், பால் வழிந்து கிடக்கிறது, மனைவி டம்ளரும் கையுமாக நிற்கிறாள்.

"என்ன, அப்பா எல்லாத் தடவையும் எடுத்தாரா?"

மருமகள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பட்டறையை நெருங்கி மாமியார் போய்க்கொண்டிருந்தார். மாமனார் என்ன சொல்கிறார் என்பது இனி இங்கே கேட்காது.

"எடுத்தாரு" என்றாள். "ஒண்ணுகூட விடல."

அது பொய்யில்லை. "அப்ப சாவி அவர்கிட்டயே இருக்கட்டும்" என்று அவன் சந்தோஷமாகச் சொன்னபோதுதான், அப்பா மயங்கி விழுந்ததைச் சொல்லவில்லையே என்று அவளுக்கு உறைத்தது.

பட்டறைப் பக்கத்திலிருந்து, போனில் பேசுகிறோம் என்பதையே மறந்துவிட்ட மாமியாரின் குரல் வீடுவரை வந்தது. "கேக்குது, பேசுங்க! வந்துட்டேன், பேசுங்க!"